பிள்ளையார் முன்னால் அணைத்த இன்ஜின்

அரசுத் தேர்வு எழுதப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை, ஹால் டிக்கெட்டைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கி என் காரைத் தள்ளச் சொன்னவன் நான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. வீட்டில் இன்றைக்கும் ‘அவங்க லேசாக் கை கொடுத்தாங்க’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அழகர்கோவிலிலிருந்து மேலூர் போகிற சாலையில்.

அந்தப் பெண் எங்கள் வீட்டு மாடியில் தன் தாயாருடன் குடியிருப்பவர். ஓர் அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் கணினித் தட்டச்சு வேலை. இந்த மாதம் இருக்கும், அடுத்த மாதம் இருக்குமா என்று தெரியாத வகை. நான்கு வருடமாக விடாமல் படித்துத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் கை நழுவியது. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். ஆகவே அன்றைக்கு எழுதப் போனதுதான் கடைசித் தேர்வு. அதிகாலை நான்கு மணிக்கு மாடியில் விளக்கு எரிவதைப் பார்த்துப் பார்த்து, என் வீட்டில் யாரோ படிக்கிறார்கள் என்ற பெருமை எனக்கே வந்துவிட்டிருந்தது.

தேர்வு மையம் அழகர்கோவில் தாண்டி, வயல்வெளிக்கு நடுவில் இருக்கும் ஒரு கல்லூரி. ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்திலிருந்து நேராக அந்த வழியே போகிற பேருந்தை அவர் ஒரு வாரத்துக்கு முன்பே விசாரித்து, ஒருநாள் அதில் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தார். எட்டே முக்காலுக்குக் கல்லூரி வாசலில் இறக்கிவிடும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் குறுக்கே வரும் வரையில்.

பேருந்தில் எதற்கு இடிபட்டுக்கொண்டு போக வேண்டும், நான் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். நான் வற்புறுத்தினேன். என் மனைவி தனியாகக் கூப்பிட்டு, “அவங்கள நிம்மதியா பஸ்ல போக விடுங்க. உங்க காரு போற லட்சணம் ஊருக்கே தெரியும்” என்று சொன்னாள். அதைக் கேட்ட பிறகு விட்டுக்கொடுப்பது கௌரவக் குறைச்சல் ஆகிவிட்டது.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு அப்போது இருபத்து மூன்று வயது. சாவியைத் திருப்பினால் இன்ஜினைச் சுழற்றிவிடுகிற மோட்டாருக்கு எங்கள் பக்கத்தில் செல்ஃப் என்று பெயர். என் காரில் அது மனம் இருந்தால் எடுக்கும். இல்லாவிட்டால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து இருமிக் காட்டிவிட்டு, எழுந்து வந்து திறக்காத மனிதரைப் போல.

அதற்கு முந்தைய வருடம் மழைக்காலத்தில்தான் முதன்முதலாக அப்படிச் செய்தது. நான் ஒரு கல்லூரியில் நூலகர். எதையும் படித்தே தெரிந்துகொள்ள முடியும் என்று நம்புகிறவன். இரண்டு புத்தகங்கள் படித்தேன். வெள்ளைக்காரர்கள் கையுறை போட்டுக்கொண்டு கார் பிரிக்கிற காணொளிகள் இருபதாவது பார்த்திருப்பேன். பேட்டரியின் இணைப்புகளையும் எர்த் ஒயர் பிடிக்கிற இடத்தையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினாலே பாதி வியாதி போய்விடும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எர்த் ஒயர் என்பது இன்ஜினையும் காரின் உடம்பையும் சேர்க்கிற தடித்த ஒயர். கழற்றினேன், உப்புத்தாள் போட்டு முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தேன், திரும்ப மாட்டினேன். அன்றைக்கு ஆயுத பூஜை வேறு. கையோடு பூஜையும் முடிந்தது.

அதன் பிறகு ‘டக்’ அடிக்கடி கேட்க ஆரம்பித்தது.

பேட்டரி மாற்றினேன். புதுப் பேட்டரி கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது, பிறகு பழைய கதை. எங்கள் தெருமுனை மெக்கானிக் செல்ஃப் மோட்டாரையே கழற்றி, கார்பன் தேய்ந்துவிட்டது என்று புதிது போட்டுத் தந்தார். தரையில் வைத்துச் சுற்றவிட்டால் அது பம்பரமாகச் சுற்றியது. காரில் மாட்டினால் பத்து நாளில் திரும்பவும் இருமல். ஒருநாள் அவர் சந்தேகப்பட்டு எர்த் போல்ட்டின் பக்கம் ஸ்பேனரைக் கொண்டுபோனார். நான் தடுத்துவிட்டேன். அதை நானே கழற்றிச் சுத்தம் செய்திருக்கிறேன், அங்கே கை வைக்க வேண்டாம், வேறு இடம் பாருங்கள் என்றேன். அவரும் சரி என்று வேறு இடம் பார்த்தார். இதற்கு நடுவில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இரண்டு தடவை இறுகிப்போய் மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டாவது கேபிளின் உறை உருகியிருந்ததைப் பார்த்த மெக்கானிக், “உள்ள என்ன அடுப்பா வச்சிருக்கீக?” என்று கேட்டார். நான் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். அது நோயின் பெயரையே ஏறக்குறையச் சொல்லிவிட்ட கேள்வி என்று பின்னால்தான் தெரிந்தது.

கடைசியில் நான் கண்டுபிடித்த வைத்தியம், காரை எப்போதும் இறக்கத்தில் நிறுத்துவது. செல்ஃப் எடுக்காவிட்டால் உருட்டிவிட்டு கியரில் பிடித்துக்கொள்ளலாம். மதுரை தட்டையான ஊர். ஆனாலும் எந்தத் தெரு எந்தப் பக்கம் சரிகிறது என்று தண்ணீருக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும்.

அன்று காலை கார் முதல் திருப்பிலேயே எடுத்தது. மாடி ஜன்னலில் நின்ற அவருடைய தாயாருக்கு நான் கையசைத்தேன். என் மனைவி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழகர்கோவில் தாண்டும்போது எட்டே கால்கூட ஆகவில்லை. நேராகப் போயிருந்தால் எட்டரைக்குள் கல்லூரி. ஆனால் வழியில், புளியமரத்தடியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. முந்தின நாளே ஒரு தேங்காயும் பழமும் வாங்கிக் காரில் போட்டிருந்தேன். அவருடைய தேர்வுக்காக ஒரு சிதறுகாய், ஒரே நிமிடம் என்று சொல்லி நிறுத்தினேன்.

அவர் கிறிஸ்தவர். அதிகாலையிலேயே ஜெபித்து முடித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறியிருந்தார். இருந்தாலும் புன்னகைத்தார். வீட்டுச் சொந்தக்காரரின் அன்புக்கு வேறு என்ன செய்ய முடியும்?

இன்ஜினை ஓடவிட்டு இறங்கியிருக்கலாம். என் மனம் கேட்கவில்லை. சாமிக்கு முன்னால் புகைவிட்டுக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை என்று பட்டது. அணைத்தேன். தேங்காய் உடைத்தேன். நன்றாகச் சிதறியது. நல்ல சகுனம் என்று சொல்லிக்கொண்டே வந்து சாவியைத் திருப்பினேன்.

டக்.

ஐந்தாறு தடவை திருப்பினேன். டக், டக். அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். கைபேசி அனுமதி இல்லை என்று தாயாரின் பழைய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அப்போதுதான் நான் அந்த வரலாற்றுப் புகழ்மிக்க வாக்கியத்தைச் சொன்னேன். “ஏம்மா, இறக்கம்தான். லேசா ஒரு தள்ளு.”

ஹால் டிக்கெட் இருந்த பிளாஸ்டிக் உறையைச் சீட்டில் வைத்துவிட்டு, கஞ்சி போட்ட சேலையின் முந்தானையைச் செருகிக்கொண்டு, அவர் தள்ளினார். கார் உருண்டது. பதற்றத்தில் நான் கிளட்சைச் சீக்கிரம் விட்டுவிட்டேன். ஒரு குலுங்கு குலுங்கி, இறக்கம் முடிகிற இடத்தில் மணலில் முன்சக்கரம் புதைந்து நின்றது. இனி தள்ளவும் வழியில்லை.

அந்த நேரம் பார்த்துச் சாலையில் ஒரு பேருந்து வந்தது. அவர் ஒரு வாரம் முன்பே விசாரித்து வைத்திருந்த அதே பேருந்து. படிக்கட்டு வரைக்கும் தேர்வு எழுதுகிற கூட்டம், எல்லார் கையிலும் அதே பிளாஸ்டிக் உறை. அவர் உறையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி ஓடிக் கையைக் காட்டுவதற்குள் அது போய்விட்டது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. அவர் திரும்பி வந்தார். என்னைத் திட்டவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. ஜெபமா, அரசியலமைப்புச் சட்டமா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

ஆட்டோவுக்குப் போன் செய்தேன். வர அரைமணி ஆகும் என்றார்கள். இரண்டு கார்கள் நிற்காமல் போயின. ஒரு மோட்டார் சைக்கிளில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள்.

புளியமரத்துக்கு அந்தப் பக்கம் கிரானைட் கல் ஏற்றிய ஒரு லாரி நின்றிருந்தது. பின்சக்கரம் ஒன்றைக் கழற்றி, கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆளில்லை என்று நினைத்திருந்தேன். அதன் அடியிலிருந்து பனியனும் கைலியுமாக ஒருவர் எழுந்து வந்தார். டிரைவர். முந்தின நாள் சாயங்காலமே டயர் வெடித்துவிட்டதாம். கூட வந்தவர் அதை எடுத்துக்கொண்டு மேலூர் போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தால்தான் வருவார் என்றார். பிறகு அந்தப் பெண்ணின் கையிலிருந்த உறையைப் பார்த்தார். எத்தனை மணிக்குக் கேட்டைப் பூட்டுவார்கள் என்று மட்டும் கேட்டார். ஒன்பது என்று அந்தப் பெண் சொன்னார். அப்போது எட்டு முப்பத்தைந்து.

“அஞ்சு நிமிசம் வண்டியப் பாப்போம். சரியா வரலைன்னா, வர்ற வண்டிய நான் குறுக்க படுத்தாவது நிப்பாட்டுறேன்” என்றார்.

லாரி பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்துத் தரும்படி, விஷயம் தெரிந்தவன் தோரணையில் கேட்டேன். லாரி இருபத்து நாலு வோல்ட், உங்கள் வண்டி பன்னிரண்டு, கொடுத்தால் புகைதான் வரும் என்றார். அதோடு என் விஷய ஞானம் முடிந்தது.

அவர் செய்தது மிகவும் எளிமை. ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். போட்டபடியே சாவியைத் திருப்பச் சொன்னார். டக். விளக்கு மங்கவில்லை, பளிச்சென்று எரிந்தது. பேட்டரியில் குறை இல்லை என்றார். இன்னும் நான்கு தடவை திருப்பச் சொல்லிவிட்டு, பானெட்டுக்குள் கையை விட்டு, நான் ஒருநாளும் தொட்டுப் பார்க்காத ஒன்றைத் தொட்டார். ஆக்ஸிலரேட்டர் கேபிள். உடனே கையை எடுத்துக்கொண்டு என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது. ஓடாத இன்ஜினில், கேபிள் மட்டும் தோசைக்கல் மாதிரி.

“மோட்டாருக்குப் போன கரண்ட்டு திரும்பி வர வழி வேணும்லண்ணே. எர்த்து வழி அடைச்சிருக்கு. அம்புட்டுக் கரண்டும் இந்தச் சின்னக் கம்பியில ஏறி வரப் பாக்குது. அது தாங்குமா?”

எர்த்தில் ஒன்றும் இருக்காது, அதை நானே சுத்தம் செய்தேன் என்று அப்போதும் சொன்னேன். மணலில் புதைந்த காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன். அவர் விவாதிக்கவில்லை.

“உங்க சுத்தம் அப்படியே இருக்கட்டும். பக்கத்துல ஒரு புது ரோடு போட்டுருவோம்.”

லாரியிலிருந்து இரண்டு முனையிலும் கவ்வி வைத்த தடித்த ஒயர் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு முனை பேட்டரியின் மைனஸில், மறு முனை நேராக இன்ஜினின் இரும்பில். சாவியைத் திருப்பினேன். ஒரு வருடமாகக் காதால் கேட்காத வேகத்தில் செல்ஃப் சுற்றி, இன்ஜின் பிடித்தது. நான் கொஞ்சம் கத்தியிருப்பேன். யாரும் கவனிக்கவில்லை.

அவர் ஒயரைக் கழற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து தோள் கொடுத்துத் தள்ள, நான் ரிவர்ஸில் மணலிலிருந்து எடுத்தேன். அந்தப் பெண் ஏறப் போனார். டிரைவர் கையை நீட்டித் தடுத்தார். அந்தப் பெண்ணின் விரல்களைச் சுட்டிக் காட்டினார். காரைத் தள்ளியதில் பத்து விரலும் கறுப்பு.

“இந்தக் கையோட விடைத்தாளத் தொட்டீகன்னா மிஷினு தப்பாப் படிச்சிரும்மா.”

லாரிக்குள்ளிருந்து தண்ணீர்க் கேனையும் சோப்புத் துண்டையும் எடுத்து வந்து, அவர் ஊற்ற ஊற்ற அந்தப் பெண் கழுவினார். துடைக்கத் துவைத்த துண்டு ஒன்றும் வந்தது. நேரம் போகிறதே என்று நான் ஹாரனில் கை வைத்தேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டேன். பஸ் டிரைவர் வேலைக்கான ஆள்தேர்வுக்குப் போய், கேட்டைப் பூட்டின பிறகு வெளியே நின்றுவிட்டுத் திரும்பியவன் நானும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லும்போதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “வண்டிய எங்கிட்டும் நிப்பாட்டி ஆஃப் பண்ணிராதீக.”

கல்லூரி வாசலில் காவலர் கேட்டின் ஒரு பக்கத்தை ஏற்கெனவே சாத்திவிட்டு, மறுபக்கத்தில் கை வைத்திருந்தார். எட்டு ஐம்பத்தேழு. அந்தப் பெண் இறங்கி ஓடினார். உள்ளே போனதும் திரும்பி ஒரு தடவை கையைக் காட்டினார். நான் இன்ஜினை அணைக்காமல் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நன்றி சொல்லத் திரும்பி வந்தேன். டிரைவர் இன்ஜினை அணைக்கச் சொல்லி, ஸ்பேனரை எடுத்துவைத்துக்கொண்டு, “இப்ப அதத் தொறக்கலாமாண்ணே?” என்று அனுமதி கேட்டார். கோயில் உண்டியலைத் திறக்கக் கேட்பதுபோல அவ்வளவு பணிவு. திறக்கச் சொன்னேன்.

எர்த் போல்ட்டைக் கழற்றி, ஒயரின் முனையைப் பிரித்தார். இரண்டுக்கும் நடுவில், வெளியே யாருக்கும் தெரியாத இடத்தில், காய்ந்து வெடித்த சந்தனம். அதன் நடுவில் வட்டமாகக் குங்குமம். சுற்றிலும் பச்சையும் வெள்ளையுமாகத் துரு.

எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்த அந்த இரும்பு, ஆயுத பூஜை அன்று அத்தனை அழகாக மின்னியது. சுத்தம் செய்த இடத்தை வெறுமனே விட மனமில்லாமல், பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, குங்குமமும் இட்டு, அதன் மேல் ஒயரை வைத்துப் பலம்கொண்ட மட்டும் போல்ட்டை முடுக்கியிருக்கிறேன். மற்றவர்கள் பானெட்டுக்கு மேலே வைப்பார்கள். நான் கரண்ட் போகிற வழியிலேயே வைத்து, ஈரத்தோடு மூடிவிட்டேன். ஒரு வருடமாக அதைத் தொடவிடாமல் காவலும் காத்திருக்கிறேன்.

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, “பொண்ணுக்கு வச்ச மாதிரி நல்லாத்தான் வச்சிருக்கீக” என்றார். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், துடைத்தார், முடுக்கினார். சாவியைத் திருப்பினேன். அரைத் திருப்பிலேயே எடுத்தது. என் கண், கோயில் படியில் இருந்த சந்தனக் கிண்ணத்தின் பக்கம் பழக்க தோஷத்தில் போயிருக்க வேண்டும்.

“வெளிய வைங்கண்ணே. வெளிய வச்சாலும் சாமி பாத்துக்கிரும்.”

சிதறிய தேங்காயில் ஒரு சில்லை எடுத்து அவர் கடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்த பிறகுதான், முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அந்த மனிதர் அங்கேயே கிடக்கிறார் என்ற விஷயம் என் மண்டையில் ஏறியது. போல்ட்டுக்குச் சந்தனம் வைக்கத் தெரிந்த எனக்கு, எதிரில் நிற்கிற ஆள் சாப்பிட்டாரா என்று கேட்கத் தோன்றவில்லை. அழகர்கோவிலுக்குத் திரும்பிப் போய் இட்லியும் வடையும் கட்டிக்கொண்டு வந்தேன். கடையில் கூட்டம், நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் லாரி இல்லை. டயர் வந்திருக்கிறது, போய்விட்டார். புளியமரத்தடியில் முட்டுக்கட்டையின் தடமும் ஈர மணலும் மட்டும் இருந்தன. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.

அந்தப் பொட்டலத்தை மதியம் கல்லூரி வாசலில், காருக்குள் உட்கார்ந்து நானும் அந்தப் பெண்ணும்தான் சாப்பிட்டோம். தேர்வு எப்படி என்று நான் கேட்கவில்லை. டிரைவர் சாப்பிட்டாரா என்று அவர்தான் முதலில் கேட்டார்.

அவர் தேறிவிட்டார். மேலூர் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. இதில் என் தேங்காய்க்குப் பங்கு இருக்கிறதா என்று யாரும் விசாரிக்கவில்லை. கார் அதற்குப் பிறகு ஒருநாளும் ‘டக்’ என்று சொன்னதில்லை. ஆயுத பூஜைக்குப் பொட்டு பானெட்டுக்கு மேலேதான். எனக்குப் பிரியமானவர்களுக்கு நல்லது செய்யப் புறப்படும்போதெல்லாம், நான் ஆசையாக வைக்கிற பொட்டு அவர்களுடைய வழியில் குறுக்கே உட்கார்ந்திருக்கிறதா என்று இப்போது ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் உட்கார்ந்துதான் இருக்கிறது.

அவர் வேலையில் சேர்ந்த முதல் நாள் காலை, காரைக் கழுவித் துடைத்து, இன்ஜினையும் ஓடவிட்டு, வாசலில் நின்றேன். மாடிப்படியில் இறங்கி வந்தவர் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாயாரின் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நான் பஸ்ல போயிக்கிறேண்ணே. மொத நாளு, நேரத்துக்குப் போகணும்ல.”